காலநிலை ஆய்வுச் செயற்கைக்கோள்களைத் தனியாரிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்கா இதை ஒருமுறை செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1984-இல் சட்டம் போட்டார்கள். பூமியைப் படமெடுக்கும் லேண்ட்சாட் என்ற அரசுச் செயற்கைக்கோள்களின் படங்களை விற்கும் வேலை ஈயோசாட் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. சுமார் 185 கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒரே ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. பனிப்பாறை உருகுவதைக் கணக்கிட ஒரு படம் போதுமா? ஒரே இடத்தை வருஷக்கணக்கில் எடுத்த வரிசை வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுப்படியாகும்? அப்புறம், வாங்க ஆளில்லாத இடங்களைப் படமெடுப்பதும் குறைந்தது. விட்டுப்போன அந்த வருஷங்களை இனி யாரும் போய்ப் படமெடுக்க முடியாது. இதுதான் பெரிய இழப்பு என்பேன்.

1992-இல் சட்டத்தை மாற்றி, அடுத்து வரும் லேண்ட்சாட்டை அரசே நடத்தும் என்றார்கள். 2008-இல் படங்கள் இலவசமாயின. தினம் சில டஜன் படங்கள் விற்ற இடத்தில் ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். ராக்கெட் ஏவுவது வேறு விஷயம். அதைத் தனியார் செய்தால் செலவு குறையத்தான் செய்கிறது.