இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அங்கே கலெக்டர் மாதிரி யாராவது உண்டா?

கேள்வி கேட்டவர் இங்கே வேலைக்கு வரப்போவதாகவும், மாவட்டத்தை யார் நிர்வாகம் செய்கிறார்கள் என்பது எங்கே படித்தாலும் குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். குழப்பம் நியாயமானதுதான். நான் 2018 கடைசியில் கேம்போர்னில் குடியேறினேன். கேம்பிரிட்ஜ் நகரத்துக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் வருகிறது. எனக்கே இந்த அமைப்பு பிடிபட இரண்டு வருடம் ஆனது. எனக்குத் தெரிந்த இந்த ஒரு மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன். லண்டன், மான்செஸ்டர் பக்கம் ஏற்பாடு வேறு.

முதலில் கலெக்டர். அப்படி ஒருவர் இங்கே கிடையாது. மேலிருந்து அரசு அனுப்பி மாவட்டத்தின் தலையில் உட்காரும் அதிகாரி என்ற பதவியே இல்லை. மாவட்டக் கவுன்சிலுக்கு ஒரு தலைமை நிர்வாகி இருப்பார். அவரை வேலைக்கு எடுப்பது கவுன்சில். கவுன்சிலர்கள் முடிவு செய்ததை அவர் நடத்திக் கொடுக்கிறார், அவ்வளவுதான். சவுத் கேம்பிரிட்ஜ்ஷயரில் 45 கவுன்சிலர்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல். அவர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் ஒரு சின்ன அமைச்சரவை மாதிரி சிலரைச் சேர்த்துக்கொள்வார். 2022 தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 37 இடம், கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 8 இடம் கிடைத்தது. கவுன்சிலர் என்பது முழுநேர வேலை இல்லை. சிறிய படித்தொகை உண்டு. பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் கவுன்சில் காகிதங்களைப் படிப்பவர்கள்.

அப்புறம் மக்கள்தொகை. 2021 மார்ச் 21 அன்று எடுத்த கணக்கில் இந்த மாவட்டத்தில் சுமார் 1,62,000 பேர். 2011-இல் 1,48,800 பேர். பத்து வருடத்தில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடியிருக்கிறது. நம் ஊரில் மாவட்டம் என்றால் பத்து லட்சம், இருபது லட்சம் என்று நினைப்போம். இங்கே அந்தச் சொல்லை அப்படியே பொருத்திப் பார்த்தால் எல்லாம் தவறாகப் புரியும். அளவில் இது நம் தாலுகாவுக்குத்தான் பக்கத்தில் வரும். 45 கவுன்சிலர்கள், 1,62,000 பேர் என்றால் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 3,600 பேர். அவர் கடையில் பால் வாங்கும்போது நீங்கள் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

இந்த மாவட்டத்தின் வடிவத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஓர் உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடை முழுக்க சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர். நடுவில் இருக்கும் ஓட்டை கேம்பிரிட்ஜ் நகரம். அது தனி மாவட்டம், அதற்குத் தனிக் கவுன்சில். வடையின் பரப்பு சுமார் 900 சதுர கிலோமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள். ஓட்டையின் பரப்பு 41 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,45,700 பேர். 1974 ஏப்ரல் 1 அன்று, இரண்டு பழைய கிராமப்புற மாவட்டங்களைச் சேர்த்து இதை உருவாக்கினார்கள். தனக்கென்று ஒரு நகரம் இல்லாமலே பிறந்த மாவட்டம் இது. கவுன்சில் அலுவலகம்கூட 2004 வரை கேம்பிரிட்ஜ் நகரத்துக்குள், அதாவது தன் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கேம்போர்னுக்கு வந்தது.

ஊர் சின்னது, கிராமம் என்று சொன்னதும் மாட்டுக்கொட்டகையை மட்டும் நினைக்க வேண்டாம். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை மருத்துவமனை 1980-இல் தொடங்கியது இங்கே போர்ன் என்ற கிராமத்தில். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். பிரிட்டனில் வெற்றிகரமான முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை 1979-இல் நடந்தது பேப்வர்த் கிராமத்தில் இருந்த மருத்துவமனையில் (2019-இல் அது நகரத்துக்கு இடம் மாறிவிட்டது). மனித மரபணுத் தொகுதியை முதன்முதலில் படித்தபோது அதில் மூன்றில் ஒரு பங்கு வேலை நடந்தது ஹின்க்ஸ்டன் கிராமத்தில் உள்ள சாங்கர் நிறுவனத்தில். கோதுமை வயலுக்கு நடுவே இவ்வளவும் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் இங்கே வந்து சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். வேலை வருகிறது, ஆள் வருகிறார்கள், வீடு வேண்டும்.

வீடு எங்கே கட்டுவது என்பதுதான் இந்த மாவட்டத்தின் தீராத கேள்வி. கேம்பிரிட்ஜைச் சுற்றி ஒரு பச்சை வளையம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் கட்டக் கூடாது. அதனால் நகரத்தில் இடம் கிடைக்காதவர்கள் வளையத்தைத் தாண்டி வடையின் வெளிப்பகுதிக்குப் போகிறார்கள். கேம்போர்ன் அப்படித்தான் 1998-இல் வயல்வெளியில் முளைத்தது. நார்த்ஸ்டோ என்ற புதிய நகரம் பழைய விமானப்படைத் தளத்தின் மேல் எழும்பிக்கொண்டிருக்கிறது. 10,000 வீடுகள் திட்டம், 2017-இல் முதல் குடும்பங்கள் வந்தன. அங்கே வீடும் பள்ளியும் வந்தும் பல வருடம் ஒழுங்கான கடையோ டாக்டரோ வரவில்லை. வாட்டர்பீச்சில் இன்னொன்று. 2018-இல் நிறைவேறிய திட்டப்படி 2011 முதல் 2031 வரை இந்த மாவட்டம் மட்டும் 19,500 வீடுகள் கட்ட வேண்டும், நகரம் 14,000. வளரும் நகரத்தின் சுமையில் பெரிய பங்கைச் சுற்றியுள்ள கிராமங்கள் தாங்குகின்றன. இதை எண்களில் படிப்பது வேறு. தினமும் அந்த மண் லாரிகளுக்குப் பின்னால் கார் ஓட்டுவது வேறு.

இதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது தண்ணீர். இங்கிலாந்து என்றால் எப்போதும் மழை என்று நாம் நினைப்போம். இந்தப் பக்கம் நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 560 மில்லிமீட்டர்தான். குழாயில் வருவது சுண்ணாம்புப் பாறைக்குள் சேர்ந்திருக்கும் நிலத்தடி நீர். அதே நீர்தான் ஊற்றெடுத்து இங்குள்ள தெளிந்த ஓடைகளாக ஓடுகிறது. உலகிலேயே சுண்ணாம்புப் பாறை ஓடைகள் பெரும்பாலும் இங்கிலாந்தில்தான் இருக்கின்றன. நாம் அதிகம் இறைத்தால் அவை வற்றும். 2023 வாக்கில் சுற்றுச்சூழல் முகமையே இந்தப் பகுதியின் பெரிய வீட்டுத் திட்டங்களுக்குத் தண்ணீர் காரணம் காட்டி ஆட்சேபம் தெரிவித்தது. வடக்கே ஒரு புதிய நீர்த்தேக்கம் திட்டத்தில் உள்ளது. 2030-களின் நடுப்பகுதிக்கு முன் அதிலிருந்து தண்ணீர் வராது. அதுவரை ஒவ்வொரு புது வீடும் அந்த ஓடையிடம் கடன் வாங்குவதுதான்.

சரி, யார் நிர்வாகம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, வீட்டுக்கு வரும் கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டு வரி ரசீதில் இருக்கிறது. உங்கள் வீடு 1991 ஏப்ரலில் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணித்து எட்டுப் படிகளில் ஒன்றில் வைத்திருப்பார்கள். அதன்படி வரி. ரசீதை அனுப்புவது மாவட்டக் கவுன்சில். ஆனால் வசூலித்த பணத்தில் அது தனக்கென்று வைத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி மேலே உள்ள கவுன்ட்டி கவுன்சிலுக்குப் போகிறது (கவுன்ட்டி என்பது பல மாவட்டங்கள் சேர்ந்தது, எங்களுடையது கேம்பிரிட்ஜ்ஷயர்). அப்புறம் போலீசுக்கு ஒரு வரி, தீயணைப்புக்கு ஒரு வரி, 2017 முதல் கேம்பிரிட்ஜ்ஷயருக்கும் பீட்டர்பரோவுக்கும் சேர்த்து ஒரு மேயர் இருக்கிறாரே அவருடைய அமைப்புக்கு ஒரு வரி, கடைசியில் உங்கள் ஊர்ப் பாரிஷ் கவுன்சிலுக்கு (நம் ஊராட்சி மாதிரி) ஒரு வரி. ஒரே வீட்டுக்கு இத்தனை ஆட்சிகள்.

யார் எதைச் செய்கிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டது ஒரு சாலைப் பள்ளத்தால். எங்கள் தெருமுனையில் இருந்த பள்ளத்தைச் சொல்வதற்கு மாவட்டக் கவுன்சிலுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா பொறுமையாகச் சொன்னார், "சாலை கவுன்ட்டியுடையது, நாங்கள் குப்பை." அந்த ஒரு வரியில் பாதி பாடம் முடிந்தது. சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுன்ட்டி. குப்பை, கட்டட அனுமதி, கவுன்சில் வாடகைக்கு விடும் வீடுகள், உணவகங்களின் சுகாதாரம், வாக்காளர் பட்டியல் எல்லாம் மாவட்டம். பேருந்து விஷயம் மேயர் பக்கம். பூங்காவில் ஊஞ்சல் அறுந்தால் பெரும்பாலும் பாரிஷ். நீங்கள் வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குப்பைத் தொட்டியின் நிறமும் எந்த வாரம் எது என்பதும் அடுத்த வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

கட்டட அனுமதிதான் மாவட்டத்தின் கையில் உள்ள பெரிய அதிகாரம். எங்கள் பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார்கள், பின்புற வயலில் வீடுகள் வரப்போவதாக. மழைநீர் எங்கே போகும் என்று கேட்டு எழுதினேன். திட்டக் குழுக் கூட்டத்துக்கு வந்து பேசலாம் என்று பதில் வந்தது. பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். என் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்கினேன், என் மனைவிதான் போய்ப் பேசுங்கள் என்றாள். எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு கவுன்சிலர் என்னிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டார், பிறகு அதிகாரியிடம் வடிகால் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். அனுமதி கிடைத்தது, வீடுகள் வந்துவிட்டன. ஆனால் வடிகாலுக்கு ஒரு நிபந்தனை சேர்த்தார்கள், அந்தக் குளம் இன்று அங்கே இருக்கிறது. குடியுரிமைகூட இல்லாத ஒருவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அன்று வீட்டுக்கு நடந்து வந்த பத்து நிமிடம் எனக்கு மறக்காது.

இந்தக் கவுன்சில் நாடு முழுக்கத் தெரிந்த பெயரானது வேறு ஒரு காரணத்தால். 2023 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு வாரம் நான்கு நாள் வேலை என்று சோதனை தொடங்கியது. முழுச் சம்பளம், முழு வேலை, நேரம் மட்டும் 80 சதவீதம். பிரிட்டனில் இதைச் செய்த முதல் கவுன்சில் இதுதான். காரணம் எளிது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் தனியார் சம்பளம் கூடுதல், வீட்டு வாடகை கூடுதல், கவுன்சில் வேலைக்கு ஆள் கிடைக்காமல் ஏஜென்சி ஆட்களுக்கு அதிகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனில் இருந்த கன்சர்வேட்டிவ் அரசு நிறுத்தச் சொல்லி அந்த வருடமே கடிதம் எழுதியது, நவம்பரில் முறையான எச்சரிக்கையும் கொடுத்தது. கவுன்சில் நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் வாக்கெடுப்பு நடத்தி நிரந்தரமாக்கிவிட்டது. எங்கள் ஊரில் இதற்கு எதிராகப் பேசுபவர்கள் உண்டு, "நான் கட்டும் வரிக்கு ஐந்து நாள் வேலை செய்யட்டும்" என்பார்கள். என் அனுபவத்தில் குப்பை வண்டி வரும் நாளில் வருகிறது, போனை எடுக்கிறார்கள். வேலை நடக்கும்போது நாளை எண்ணுவது எதற்கு என்பது என் கட்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும், இந்த மாவட்டமே மறையப்போகிறது. கவுன்ட்டி, மாவட்டம் என்ற இரண்டடுக்கு முறையை எடுத்துவிட்டு ஒரே கவுன்சிலாக்குவது என்று 2024 டிசம்பரில் லேபர் அரசு அறிவித்தது. இந்தப் பகுதியில் 2028 ஏப்ரலில் புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது திட்டம். சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சிலும் கேம்பிரிட்ஜ் நகரக் கவுன்சிலும் ஆதரிக்கும் யோசனை, வடையையும் ஓட்டையையும் சேர்த்து ஒரே கவுன்சிலாக்குவது. 2021 கணக்குப்படி அதில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் வருவார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. இங்கிருந்து காலையில் பேருந்து ஏறுகிறவர் நகரத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார், நகரத்தில் பிறந்த பிள்ளை கல்யாணமாகி இங்கேதான் வீடு வாங்குகிறது. பள்ளம் யாருடையது, குப்பை யாருடையது என்ற அலைச்சலும் தீரும். ஆனால் இப்போது இரண்டு கவுன்சில்களுக்கும் சேர்த்து 87 கவுன்சிலர்கள். புதியதில் அத்தனை பேர் இருப்பார்களா? எனக்குக் கிடைத்த அந்த மூன்று நிமிடம் நாளை வருபவருக்கும் கிடைக்குமா? கருத்துக் கேட்டபோது நான் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு வேலை விசாவில் வருகிறீர்கள் என்றால் இங்கே ஓட்டுப் போடலாம், இலங்கையிலிருந்து வருபவர்களும்தான். காமன்வெல்த் நாட்டவருக்கு இங்கே முறையாக வசிக்க அனுமதி இருந்தால் உள்ளூர்த் தேர்தல் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்கு உண்டு. வந்து வீடு எடுத்ததும் மாவட்டக் கவுன்சிலின் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யுங்கள், இணையத்தில் ஐந்து நிமிட வேலை. போன் இணைப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவு உதவும். வாக்குச்சாவடிக்குப் படம் உள்ள அடையாள அட்டை வேண்டும், நம் பாஸ்போர்ட் செல்லும். 2024 ஜூலையில் நான் அதைக் காட்டித்தான் கேம்போர்னில் ஓட்டுப் போட்டேன்.