நட்சத்திரம் வெறும் புள்ளிதான் என்றால் அதில் எதைப் பார்ப்பது?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "70 மி.மீ. தொலைநோக்கி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 525 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் நட்சத்திரம் புள்ளியாகத்தான் தெரியும் என்கிறார் நண்பர். அப்படியானால் வானியலாளர்கள் அதில் எதைத்தான் ஆராய்கிறார்கள்? மொட்டை மாடியிலிருந்து நானும் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?"

நண்பர் சொன்னது சரி. அந்த 525-ஐ முதலில் மறந்துவிடுங்கள். லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் பயன்படும் உச்சம், 70-க்கு 140. அதைத் தாண்டினால் மங்கல்தான் பெரிதாகும். சந்திரனின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் பார்க்க அந்தத் தொலைநோக்கி போதும், வாங்குங்கள், ஆனால் நட்சத்திரத்துக்காக வேண்டாம்.

காவலூரில் 2.3 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, அதில் பார்த்தாலும் நட்சத்திரம் புள்ளிதான். வானியலாளர்கள் அதன் உருவத்தைத் தேடுவதில்லை, வருகிற ஒளியை அளக்கிறார்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நட்சத்திரத்தின் வெப்பநிலை, அதிலுள்ள தனிமங்கள், நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்பதெல்லாம் தெரியும். அதற்குக் கருவி வேண்டும், விட்டுவிடுவோம். இன்னொரு வழி, ஒளி நேரத்தோடு எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்ப்பது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, கோள் வந்து மறைப்பதற்கு முன்பும் விலகிய பின்பும் அந்த நட்சத்திரம் சில நொடிகள் மங்கி மங்கி மீண்டது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் இது பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது அப்படித்தான். யாரும் வளையத்தை நேரில் பார்க்கவில்லை. 1999-இல் வேறொரு சூரியனின் முன்னால் ஒரு கோள் கடந்து போவதை, நட்சத்திர ஒளி ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைந்ததை வைத்து முதன்முதலாகப் பிடித்தார்கள், அதுவும் வெறும் 10 செ.மீ. தொலைநோக்கியை வைத்து!

சரி, உங்களுக்கு வருவோம். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை மாறொளி நட்சத்திரங்கள் என்பார்கள், அவற்றை அளக்கக் கண்ணே போதும். ஒளியளவை எழுதுகிற முறை நமக்குத் தூரத்துச் சரக்கும் அல்ல. 5 படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஒளி என்று 1856-இல் வரையறுத்த நார்மன் பாக்சன், 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து சாகும்வரை இங்கேயே இருந்தவர். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இந்த முறையில் எண் கூடக் கூட ஒளி குறைவு, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குளிர்காலத்தில் திருவாதிரையில் தொடங்கலாம். வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருக்கும் அந்தச் சிவப்பு நட்சத்திரம் 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. அது கக்கிய தூசு மறைத்ததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஒப்பிட ரோகிணி 0.9. சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்தால் போகப்போகப் பிரகாசமாகத் தோன்றும், அதனால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து எடுத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது கழுகு விண்மீன் கூட்டத்திலுள்ள ஈட்டா அக்விலே என்ற நட்சத்திரம். ஜூலை முதல் நவம்பர் வரை மாலை வானில், திருவோணத்துக்குத் தெற்கே எட்டு டிகிரி தள்ளி இருக்கும். 3.5-க்கும் 4.4-க்கும் நடுவே 7.18 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. செஃபீடு என்ற இந்த வகையில் துடிப்பு எவ்வளவு மெதுவோ அவ்வளவு உண்மை ஒளி அதிகம் என்று வானியலாளர் ஹென்ரியட்டா லெவிட் கண்டார். உண்மை ஒளியையும் நமக்குத் தெரிகிற ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் தெரியும், அதை வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று ஹபிள் நிறுவினார். நகர வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் 7x50 அல்லது 10x50 பைனாக்குலர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் டெல்ட்டா அக்விலே 3.4, பீட்டா 3.7, அயோட்டா 4.4. உங்கள் நட்சத்திரம் பீட்டாவை விட மங்கல், அயோட்டாவை விடப் பிரகாசம், சரிபாதியில் இருக்கிறது என்று தோன்றினால் 4.0 அல்லது 4.1 என்று எழுதுங்கள். பார்க்கும் முன் கால் மணி நேரமாவது இருட்டில் இருங்கள், போனைத் தொடாதீர்கள். அடிவானத்தருகே எல்லாமே மங்கும், எனவே உயரத்தில் இருக்கும்போது மட்டும் அளங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று, நேற்று எழுதிய எண்ணைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் கண் அதையே சொல்லும்.

நேரத்தை உலக நேரத்தில் குறியுங்கள், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து. 12-ஆம் தேதி அதிகாலை 4 மணி என்றால் அங்கே 11-ஆம் தேதி இரவு 10.30, தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் வழுக்குவது இந்தத் தேதியில்தான்.

இரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் ஒவ்வொரு தேதியையும் முதல் நாளிலிருந்து எண்ணி 7.18-ஆல் வகுத்து, மீதியை மட்டும் கிடைக்கோட்டிலும், ஒளி எண்ணைச் சிறியது மேலே வருமாறு செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரையுங்கள். வேகமாக ஏறி மெதுவாக இறங்கும் கோடு வந்தால் உங்கள் கண்ணை நம்பலாம். அதன் பிறகு 1911 முதல் இதையே திரட்டிவரும் அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்கர்கள் சங்கத்தில் பதிந்து, உங்கள் எண்களை அனுப்பத் தொடங்குங்கள்.