நாய்ப் பூங்காவுக்குப் போகும் முன்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விலங்கு மருத்துவமனையில் பத்தொன்பது வருஷம் உதவியாளராக இருந்தேன். இப்போது நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பூங்காவுக்கு நாயைக் கூட்டிப்போவது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன். மருந்து அளவு கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை. அதை நாயை நேரில் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: குட்டிக்கு பத்து வாரம் ஆகிறது. பூங்காவுக்குத் தூக்கிப்போகலாமா?

இப்போது வேண்டாம் அக்கா. குட்டிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவை இங்கே பலர் 'கேட் ஃப்ளூ' என்று சொல்வதால் பூனையிடமிருந்து ஒட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நோயுற்ற நாயின் மலத்திலிருந்து வருவது அது. மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். 16 வாரம் வரை போடும் ஊசிகள் முடிந்து, அதன் மேல் இரண்டு வாரம் போகட்டும். அதுவரை கையில் வைத்துத் தெருவைக் காட்டுங்கள். ஊசி போட்ட தெரிந்த நாயோடு வீட்டில் விளையாட விடுங்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று. இந்த நாட்டில் அது சட்டம். 1976-ல் மொசாம்பிக் பக்கமிருந்து நாய்வெறி க்வாசூலு-நட்டாலுக்குள் மறுபடி நுழைந்தது. அன்றிலிருந்து இந்த மாகாணத்துக்கு நிம்மதி இல்லை. ஊசி அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள்.

டோங்காட் தம்பி: என் நாய் பயந்த சுபாவம். மற்ற நாய்கள் அவிழ்ந்து ஓடும்போது, இதை மட்டும் கயிற்றோடு உள்ளே கூட்டிப்போகிறேன். சரிதானே?

சரியில்லை தம்பி. நல்ல எண்ணத்தோடு பலரும் செய்கிற தப்பு இது. பயந்த நாய்க்கு இருக்கும் ஒரே வழி விலகி ஓடுவது. கயிறு அதைத் தடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பல்தான். உங்கள் கை இறுகினால் அந்த இறுக்கமும் கயிறு வழியாக அதன் கழுத்துக்குப் போய்விடும்.

நல்ல பூங்காவில் இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைத் தாண்டி, அதைச் சாத்திவிட்டு, நடுவில் நின்று கயிற்றை அவிழ்க்க வேண்டும். உள்கதவருகே நாலைந்து நாய்கள் மோப்பம் பிடித்து நின்றால் திறக்காதீர்கள். அவை கலையட்டும். போன மாதம் ஒருவர் அவசரமாகத் திறந்துவிட்டார். அவருடைய ஸ்பானியல் வாலைக் காலுக்குள் சொருகிக்கொண்டு வேலியோடு ஒட்டி நின்றது. ஆறு மூக்குகள் ஒரே நேரத்தில் அதன் மேல். மூன்றாவது வினாடியில் உறுமல், ஐந்தாவதில் ரத்தம். அத்தனையும் நல்ல நாய்கள்தான்.

உங்கள் நாயை முதலில் ஒரு வாரம் வேலிக்கு வெளியே மட்டும் நடத்துங்கள். கூப்பிட்டால் வருகிறதா என்று பாருங்கள். வராத நாயை அவிழ்க்கக் கூடாது.

ஃபீனிக்ஸ் அண்ணன்: பிட்புல் கொண்டுவருகிறவர்களை உள்ளே விடவே கூடாது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இதை எழுதி முடிக்கும் முன்பே ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து ஓர் அம்மா கோபமாகப் பதில் போட்டுவிட்டார்: "என் பிட்புல் பேரப்பிள்ளைகளோடு தூங்குகிறது. ஆளைத் திட்டுங்கள், நாயைத் திட்டாதீர்கள்." அதற்கு அண்ணன்: "தூங்கும், ஒருநாள் எழுந்திருக்கும்." பிறகு வெருலமிலிருந்து இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மற்ற கேள்விகள் அப்படியே நின்றுபோயின.

இருவருக்கும் சொல்கிறேன். 2022-ல் பிட்புல் கடித்துக் குழந்தைகள் இறந்தபோது தடை கேட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தத் துக்கத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. அண்ணனின் பயம் நியாயமானது. பலமான தாடை உள்ள நாய் ஒருமுறை தவறினால் சேதம் பெரிது. இந்த நாட்டின் பெரிய காவல் நாயான போர்புல்லுக்கும் அதே கணக்குதான். அம்மா சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அம்மா, வீட்டில் பேரனோடு தூங்குவதை வைத்து, முன்பின் தெரியாத நாய் பந்தைப் பறிக்கும்போது அது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அது வேறு பரீட்சை. என் கருத்து: பலமான நாய் வைத்திருப்பவர் கூட்டம் இல்லாத நேரத்தில் வர வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. வாய் மூடி, உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் நின்றால் உடனே கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். முன்காலை மடக்கிப் பின்பக்கம் தூக்கினால் அது விளையாட்டு அழைப்பு. போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொள்வோம்.

ஐசிபிங்கோ: சண்டை வந்துவிட்டால்?

கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள். என் வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு என் சொந்த நாய் போட்டது. பட்டைக்குக் கை போனபோது யார் கை என்று அது பார்க்கவில்லை. வாளித் தண்ணீர் இருந்தால் முகத்தில் ஊற்றுங்கள். அடங்காவிட்டால், இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் பின்னங்கால்களைத் தொடையருகே பிடித்துத் தூக்கி, பின்னால் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் பிடிபட்ட நாய் கிழிபடும்.

லெனேசியா: மீந்த மட்டன் எலும்பைப் பூங்காவில் கொடுக்கலாமா?

கூடாது. வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், கறியில் வெங்காயம் வேறு இருக்கும். பூங்காவில் தீனியே சண்டைக்குக் காரணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: கடித்த இடத்தில் மஞ்சள் வைக்கலாமா? பாட்டி அப்படித்தான் செய்வார்.

வைக்காதீர்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. முதல் நாள், 3, 7, 14 என்று ஊசி போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் உடனே காக்கும் எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினும் தேவை. அறிகுறி வந்த பிறகு வெறிநோய்க்கு மருந்து இல்லை.

சாட்ஸ்வொர்த்: மதியம் போகலாமா?

ஜனவரியில் கூடாது, இங்கே அப்போதுதான் கோடை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

உம்லாங்கா: மரத்தில் குரங்குகள் இருந்தால்?

அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். வெர்வெட் குரங்கின் கோரைப்பல் நீளமானது. நாய் துரத்தும், குரங்கு திரும்பிக் கடிக்கும். திரும்பியதும் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்தால் அது பிலியரி, உண்ணி கடித்து வரும் ரத்த நோய். அன்றே டாக்டரிடம் போங்கள்.

மூன்று பேர், ஒரே கேள்வி: "என் நாய் கடிக்காது, பிறகு எதற்கு இவ்வளவு?"

கடித்த நாய்களில் பாதிக்கு மேல் அப்படிச் சொல்லித்தான் என் மேசைக்கு வந்தன. மேலே டோங்காட் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

மெரிபேங்க்: சின்னக் கீறல்தான், மஞ்சள் போட்டால் போதாதா?

போதாது. இப்போதே குழாயைத் திறந்து கழுவுங்கள், கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.