பக்கத்தில் சரளைக்கல் குவாரி வந்தால் எங்கள் கிணறு வற்றிவிடுமா?

குவாரியில் தோண்டுவது நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடுமா, கீழே இறங்குமா என்று முதலில் கேளுங்கள். மேலேயே நின்றால் வற்றும் ஆபத்து குறைவு. ஊறும் நீரை இறைத்துக்கொண்டே ஆழமாகத் தோண்டினால்தான் சிக்கல். சரளைப் படுகையில் நீர் எளிதாக ஓடும் என்பதால், நீர்மட்டச் சரிவு தள்ளியிருக்கும் கிணறுகளையும் எட்டும். இறைக்காமல் நீருக்குள்ளேயே அள்ளும் முறையும் உண்டு, அதில் தாக்கம் குறைவு.

அப்புறம், மேல்மண் போனால் இயற்கையான வடிகட்டியே போன மாதிரி. சிந்தும் டீசல் சீக்கிரமே நிலத்தடி நீரில் சேரும்.

வேலை தொடங்கும் முன்பே, கோடையிலும் மழைக்குப் பிறகும் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தையும் தரத்தையும் அளந்து பதிவு செய்யச் சொல்லி வற்புறுத்துங்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னால் பாதிப்பை நிரூபிப்பது மிகக் கடினம். கிணறு கெட்டால் மாற்று நீர் யார் செலவு என்பதையும் அனுமதி நிபந்தனையிலேயே எழுதி வாங்குங்கள்.