விதி என்ற ஒரு சொல், இரண்டு பொருள்

கேள்வி: 2027 ஆகஸ்ட் 2ஆம் தேதி எகிப்தின் லக்சர் நகரில் முழுச் சூரிய கிரகணம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் என்று இப்போதே கணக்கிட்டுச் சொல்கிறார்கள். எல்லாம் இயற்கை விதிகளின்படியே நடக்கிறது என்றால், நாளை நான் செய்யப்போவதும் முன்பே முடிவானதுதானா? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ‘விதி’ என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். நியூட்டனின் விதி என்கிறோம். ‘எல்லாம் என் விதி’ என்று தலையிலும் அடித்துக்கொள்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டதால், ஒன்றின் சாயல் மற்றொன்றின் மேல் விழுந்துவிடுகிறது. தலையெழுத்து என்பது, நீங்கள் எந்த வழியாகப் போனாலும் குறித்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. இயற்கை விதியோ, இந்தக் கணத்தின் நிலை இது என்றால் அடுத்த கணத்தின் நிலை இன்னது என்று மட்டுமே சொல்வது. முன்னதில் உங்கள் முயற்சி வீண். பின்னதில் உங்கள் முயற்சியும் காரணங்களுள் ஒன்று. நீங்கள் யோசித்து எடுக்கும் முடிவு, யோசிக்காமலேயே வந்து சேர்ந்திருக்கும் என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை.

இந்தக் கருத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ். ஒரு கணத்தில் பிரபஞ்சத்திலுள்ள எல்லாப் பொருள்களின் இருப்பிடத்தையும் அவற்றின்மேல் செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவு இருக்குமானால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலத்தைப் போலவே கண்முன் நிற்கும் என்று 1814இல் அவர் எழுதினார். அவர் அதை எழுதியது நிகழ்தகவைப் பற்றிய நூலில் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அத்தகைய அறிவு நமக்கு ஒருபோதும் வாய்க்காது, அதனால்தான் நிகழ்தகவு தேவைப்படுகிறது என்பதே அவருடைய வாதம்.

எவ்வளவு வாய்க்காது என்பது 1961இல்தான் கண்கூடாகத் தெரிந்தது. அமெரிக்க வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ், பன்னிரண்டு சமன்பாடுகளைக் கொண்டு ஒரு கற்பனை வானிலையைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கு ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பி, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாகத் தாளில் அச்சாகியிருந்த 0.506 என்பதை உள்ளிட்டுவிட்டு, காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கணினி கணித்திருந்த இரண்டு மாத வானிலையின் பிற்பகுதிக்கும் பழைய கணக்குக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. அந்தச் சமன்பாடுகளில் தற்செயலுக்குத் துளியும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியால் முழுமையாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆனாலும் தொடக்கத்தில் விட்ட நூலிழைப் பிழை, நாளாக ஆகப் பெருகி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஆகவே, தீர்மானிக்கப்பட்டது என்பது வேறு, முன்கூட்டிக் கணிக்கக்கூடியது என்பது வேறு. கிரகணத்துக்கும் மழைக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று விதிக்குக் கட்டுப்பட்டது மற்றொன்று கட்டுப்படாதது என்பதன்று. பிழை பெருகும் வேகத்தில்தான் வேறுபாடு. மழைக்குச் சில நாட்கள் என்றால், கோள்களுக்குப் பல லட்சம் ஆண்டுகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்குப் பின் பூமி தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கும் என்பதை எந்தப் பஞ்சாங்கமும் சொல்ல முடியாது.

கேள்வி: அணுக்களின் உலகை விளக்கும் குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு இந்த வாதமே முடிந்துவிட்டதல்லவா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது. சீசியம்-137 என்ற கதிரியக்க அணுக்களை ஒரு குவியலாக எடுத்தால், ஏறத்தாழ 30 ஆண்டுகளில் அவற்றில் பாதி சிதைந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரே ஓர் அணுவை எடுத்து, இது எப்போது சிதையும் என்று கேட்டால் குவாண்டம் கோட்பாட்டிடம் நிகழ்தகவு மட்டுமே இருக்கிறது. அணுவுக்குள் நாம் அறியாத காரணம் ஏதோ ஒளிந்திருக்கலாமே என்ற ஐயம் ஐன்ஸ்டைனுக்கு இருந்தது. இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் அந்த ஐயத்தைச் சோதித்துப் பார்க்க வழி கண்டார். சோதனைகளை நடத்திய கிளவுசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளிந்திருக்கும் காரணம் அந்தந்த இடத்திலேயே அடங்கியது என்ற எளிய விளக்கம் நிற்காது என்பதே அச்சோதனைகளின் முடிவு. ஆனால் தொலைவைக் கடந்து உடனடியாகச் செயல்படும் காரணங்களை ஏற்பவர்களுக்கு இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் முன்வைத்த குவாண்டம் கோட்பாட்டின் வடிவம் இன்றும் திறந்தே இருக்கிறது; அது எல்லாம் முந்தைய நிலையால் தீர்மானிக்கப்படுகிறது என்னும், முற்றிலும் தீர்மானவாத வடிவம்.

இன்னொன்று. தற்செயல் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், அதனால் மனிதனுக்குச் சுதந்திரம் கிடைத்துவிடாது. தாயக்கட்டை சொல்கிறபடி நடப்பவனை யாரும் தன் விருப்பப்படி நடப்பவன் என்று சொல்வதில்லையே.

கேள்வி: காலம் வெறும் மாயை என்று ஐன்ஸ்டைன் சொன்னது உண்மையா? (ஒரு மாணவர், கோவை)

பதில்: அந்த வாசகம் ஓர் இரங்கல் கடிதத்தில் வருகிறது. நெடுநாள் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய அக்கடிதத்தில், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பாகுபாடே பிடிவாதமான ஒரு மாயை என்றார் ஐன்ஸ்டைன்; அடுத்த மாதமே அவரும் காலமானார். காலமே மாயை என்று அவர் சொல்லவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம், தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் உங்கள் கைப்பேசி வழிகாட்டுகிறது. மாயையை இப்படி அளக்க முடியாது. எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ என்பதுதான் ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் இல்லாமல் போகிறது.

பிறகு காலம் ஏன் ஒரே திசையில் ஓடுவதாகத் தோன்றுகிறது? டிகாஷனில் கலந்த பால் தானாகப் பிரிந்து வருவதில்லை. பிரியக் கூடாது என்று மூலக்கூறுகளுக்குக் கட்டளை எதுவும் இல்லை. கலந்து கிடப்பதற்கான வழிகள், பிரிந்து நிற்பதற்கான வழிகளைவிட எண்ணிலடங்காத மடங்கு அதிகம், அவ்வளவுதான். இயற்பியலாளர் போல்ட்ஸ்மேனின் இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இது நிற்க வேண்டுமானால், பிரபஞ்சம் தொடங்கும்போதே மிக ஒழுங்கான, கலக்காத பாலாக இருந்திருக்க வேண்டும். அது ஏன் அப்படி இருந்தது என்பதற்கு, இன்றைய இயற்பியலில் எல்லோரும் ஏற்கும் பதில் இல்லை.