"நான் கடவுள்" என்று மாற்கில் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஐயா, நான் உயர்தர வகுப்பு மாணவன். மாற்கு நற்செய்தியை முழுவதும் வாசித்தேன். இயேசு ஓரிடத்திலும் "நான் கடவுள்" என்று சொல்லவில்லை. முதலில் அவரை நல்ல மனிதராகத்தான் நினைத்தார்கள், பிறகு நான்காம் நற்செய்தியை எழுதிய யோவான்தான் கடவுளாக்கினார் என்று நண்பன் சொல்கிறான். சரியா?
- வாசகர், பாசையூர்

பதில்: தம்பி, 16 அதிகாரத்தையும் வாசித்துவிட்டுக் கேட்கிறீர், அதுவே பெரிய சந்தோஷம். அந்த வசனம் மாற்கில் இல்லை என்பது உண்மை. ஆனால் மாற்கு அதை வசனத்தில் வைக்கவில்லை, செயலில் வைத்திருக்கிறார்.

6ஆம் அதிகாரத்தில் கடல் மேல் நடக்கும் இடத்தை இன்னொருக்கால் வடிவாக வாசித்துப் பாரும். விடியப்புறம், எதிர்க்காற்று, சீடர்கள் தண்டு வலித்துக் களைத்துப் போயிருக்கிறார்கள் (சோளகக் காற்றுக்கு எதிரே வள்ளம் வலித்தவர்கள் உம்முடைய ஊரிலேயே இருப்பார்கள், அந்த அலுப்பைக் கேட்டுப் பாரும்), அப்போது இயேசு தண்ணீர் மேல் நடந்து வருகிறார், வந்தவர் "அவர்களைக் கடந்து செல்ல விரும்பினார்" என்று மாற்கு எழுதுகிறார். உதவிக்கு வந்தவர் ஏன் கடந்து போக வேண்டும்? யூத மறைநூல் தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். சீனாய் மலையில் மோசேக்கு முன்னால் கடவுள் கடந்து போகிறார், எலியாவுக்கும் அப்படியே. பழைய ஏற்பாட்டு யோபு நூலின் 9ஆம் அதிகாரத்தில், கடல் அலைகளை மிதித்து நடப்பவர் கடவுள் ஒருவரே என்றும், அவர் என்னைக் கடந்து போகிறார், நான் காணவில்லை என்றும் யோபு புலம்புகிறார். இந்த இரண்டையும் மாற்கு ஒரே காட்சியில் சேர்த்துவிட்டார். மற்றக் காட்சிகளைவிட எனக்கு இதுதான் பெரிய சாட்சி.

2ஆம் அதிகாரத்திலும் அப்படித்தான். கடவுளைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று மறைநூல் அறிஞர்கள் மனதுக்குள் நினைக்கிறார்கள். இயேசு அதை மறுக்கவில்லை, முடக்குவாதக்காரனை எழுந்து நடக்க வைக்கிறார்.

அப்படியானால் சீடருக்கு ஏன் விளங்கவில்லை? நம்முடைய நாட்டுக்கூத்தில் கட்டியகாரன் வந்து வருகிறவர் இன்னார் என்று சபைக்குச் சொல்லிவிடுவான், மேடையில் நிற்கிற மற்றப் பாத்திரங்களுக்கு அது தெரியாது. மாற்கும் தொடக்கத்திலேயே இயேசு இறைமகன் என்று நமக்குச் சொல்லிவிடுகிறார். கதைக்குள்ளே பேய்களுக்குத் தெரிகிறது, அவற்றை இயேசு வாயடைக்கிறார். அவரை இறைமகன் என்று வாய்விட்டுச் சொல்லும் முதல் மனிதர், சிலுவைக்கு முன்னால் நின்ற உரோமைப் படைத்தலைவர்.

சரி, மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. "என்னை ஏன் நல்லவன் என்கிறாய், கடவுள் ஒருவரைத் தவிர நல்லவர் யாருமில்லை" (10:18), அந்த நாள் மகனுக்கும் தெரியாது (13:32), சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" (15:34). இவற்றை வைத்து, மாற்கின் இயேசு கடவுள் தேர்ந்தெடுத்த மனிதர்தான் என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது போதாது. இந்த வேதனையை மழுப்பாமல் எழுதிய அதே கைதான் கடல் மேல் நடந்ததையும் எழுதியது.

யோவான்தான் கடவுளாக்கினார் என்பது காலக்கணக்கிலேயே இடிக்கிறது. மாற்கு எழுதப்பட்டது கி.பி. 70ஐ ஒட்டி என்பது பெரும்பாலோர் கணிப்பு. அதற்கு முன்பே திருத்தூதர் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில், கடவுள் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கினார் என்று வருகிறது. யோவான் முதல் வசனத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார், அவ்வளவுதான். நண்பனிடம் கதைக்கும்போது பிலிப்பியரைக் காட்டும், 10:18ஐயும் சேர்த்தே காட்டும்.