கைநாட்டு வாங்கிக்கொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. டிமென்ஷியா. காலையில் என்னைத் தெரிகிறது, சாயங்காலம் தெரிவதில்லை. வீடும் வங்கிக் கணக்கும் அம்மா பெயரில் மட்டும் இருக்கின்றன. மருத்துவச் செலவுக்கு அந்தப் பணம் வேண்டும். நோய் வருவதற்கு முன்பே அண்ணனுக்கு அம்மா பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருக்கிறார். அது போதும், மிச்சத்துக்குக் கைநாட்டு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். பெற்ற பிள்ளைகள் இருக்கும்போது கோர்ட் எதற்கு? போனால் எங்களில் யாரைக் கார்டியனாகப் போடுவார்கள்?
(பெயர் வேண்டாம் என்கிறார் வாசகி)

பதில்: கைநாட்டை மறந்துவிடச் சொல்லுங்கள் அண்ணனிடம். பத்திரத்தில் இருப்பது என்னவென்று புரியாதவரின் விரலைப் பிடித்து வைத்த ரேகை சட்டத்தின் முன் நிற்காது. இன்று நீங்கள் ஒற்றுமையாக இருக்கலாம். நாளைக்கு ஒரு பேரன் கேள்வி கேட்டால், அது மோசடி வழக்காகவே ஆகும்.

அடுத்தது பவர். இதைச் சொன்னால் பலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்வரைதான் சாதாரணப் பவருக்கு உயிர். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. எந்த நாளுக்கு உதவும் என்று எழுதினாரோ அந்த நாளில் அது செல்லாது! இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் மனத்திறன் போன பிறகும் நீடிக்கிற பவர் தனி வகையாக உண்டு; ஆனால் அதை முறைப்படி பதிந்திருக்க வேண்டும். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பத்திரம் அந்த வகையா என்று முதலில் பாருங்கள். அதுவாக இருந்தால் கோர்ட் படி ஏறாமலே வேலை முடியலாம்.

இல்லையென்றால் மனுதான். சொத்து விஷயத்தில், வயது வந்த ஒருவருக்குப் பிள்ளைகள் தாமாகவே கார்டியன் ஆகிவிட முடியாது.

யாரைப் போடுவார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீதிபதி அதைக் கடைசியில்தான் கேட்பார். இந்த அம்மாவால் எது முடியாது, எது இன்னும் முடியும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. டாக்டர் சீட்டில் 'டிமென்ஷியா' என்று ஒற்றைச் சொல் இருந்தால் அதற்குப் பதில் கிடைக்காது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், திறன் இல்லை என்று நிரூபிக்கும்வரை ஒருவருக்குத் திறன் இருப்பதாகவே கொள்ளச் சொல்கிறது. அதையும் ஒவ்வொரு முடிவாகத்தான் பார்க்க வேண்டும். புத்திசாலித்தனமற்ற முடிவு எடுத்தார் என்பது மட்டுமே காரணமாகாது. சின்ன மகளுக்கு நகையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று மனுப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க.

காலையில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான வரி. டாக்டரைக் காலையில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். தன் பணத்தை யார் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடமே அப்போது கேட்கலாம். அவர் சொல்வதைக் கோர்ட்டும் கேட்கும்.

இந்தியா என்றால் ஒரு சிக்கல். கோமாவில் கிடப்பவரோ உங்கள் அம்மாவைப் போன்றவரோ, முடிவெடுக்க முடியாத வயது வந்தவருக்குக் கார்டியன் போட நேரடியான சட்டம் இல்லை. அதனால் அரசியல் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்தது. சொத்து விவரம் முழுவதையும் மனுவில் சொல்ல வேண்டும். நரம்பியல் நிபுணர் உள்ள மருத்துவக் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும். தாசில்தாருக்குக் குறையாத அதிகாரி நேரில் போய் வர வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனைவி, கோமாவில் இருந்த கணவருக்காக வந்தார். சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் மனைவியையே கார்டியனாக்கினார்கள், சொத்தை விற்கவும் விட்டார்கள். ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும், வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குப் பிடித்த உத்தரவு அது.

சரி, உங்களில் யார்? கூடவே இருந்து கவனிப்பவருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அதே ஆள் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ள நினைத்தால் நீதிபதியின் புருவம் உயரும். மற்றவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி மனுவோடு வையுங்கள். அடித்துக்கொண்டால் வெளியாள் வரக்கூடும்.

உத்தரவு வந்த பிறகு பலர் கணக்கில்தான் மாட்டுகிறார்கள். கேரள வழிமுறைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை. அம்மா பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, மருந்து ரசீது வரை எடுத்து வையுங்கள். வீட்டை விற்க வேண்டுமென்றால் அதையும் மனுவிலேயே கேளுங்கள். பணம் எடுக்கத் தந்த உத்தரவைக் காட்டி வீட்டை விற்க முடியாது.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம். விரைவில் 18 வயது முடிகிறது. அப்பா நான் இருக்கிறேனே, இனி என்ன மாறப்போகிறது?

பதில்: உங்கள் கையெழுத்து இனி அவன் கையெழுத்தாகாது. அதுதான் மாற்றம். இந்தியாவில் அவனுக்குக் கார்டியன் ஆவதற்குக் கோர்ட் வேண்டாம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். கார்டியன் தேவையா, எதற்குத் தேவை என்று இரண்டையும் குழு பார்க்கும். பல நாடுகளில் இதற்கே கோர்ட்டுக்குப் போக வேண்டும். பெருவும் கொலம்பியாவும் வேறு வழிக்குப் போய்விட்டன: முடிவு அவருடையது, உதவிக்கு மட்டும் ஆள்.

மகன் சில்லறை எண்ணுவானா, எந்த டாக்டர் வேண்டும் என்று சொல்வானா? அவற்றை அவனிடமே விடுங்கள். விண்ணப்பத்தை எழுதித் தருகிறவர் 'சகல அதிகாரமும்' என்று போட்டிருந்தால், அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.